பின்சீட்டில் முப்பத்தொன்பது கிலோ

புதன்கிழமை காலை பத்து இருபதுக்கு, பழைய வண்டிக் கடையில், ஆள் உட்காராத பின்சீட்டு ஒன்று இரண்டு விரற்கடை கீழே இறங்கியது. முன்சீட்டில் சின்னவள் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு நாற்பத்தோரு வயது. மோட்டார் சைக்கிளின் கைப்பிடிகளைப் பிடிப்பது அதுதான் முதல்முறை. கடைக்காரர் குனிந்து பின்பக்க ஸ்பிரிங்கைப் பார்த்தார், நிமிர்ந்து காலியான சீட்டைப் பார்த்தார், துணியில் கையைத் துடைத்துக்கொண்டார். முப்பது வருடமாக வண்டி விற்கிறவர். "ரெண்டு பேருக்கு வேணும்னு மொதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா," என்றார். பின்னால் இருப்பது யார் என்று கேட்டார். அக்கா என்றாள். எப்போது என்று கேட்டார். இருபத்தாறு நாள் ஆயிற்று என்றாள். அவர் தலையாட்டினார். இந்தக் கடையில் இதற்குமுன் இரண்டு தடவை இப்படி ஆகியிருக்கிறது, ஒன்று ஒரு தபால்காரரின் மனைவி, இன்னொன்று ஒரு நாய் என்றார்.

சின்னவள் என்பது அவள் பெயரல்ல. அக்காவும் தங்கையும் ஒரே லேபில் ஒரே வேலையைப் பார்த்ததால் ஒருத்தி பெரியவள், இன்னொருத்தி சின்னவள் என்று ஆகிவிட்டது. காலை ஆறு மணிக்குக் கிளம்பி ஒன்பதரைக்குள் பதினான்கு வீடுகளுக்குப் போக வேண்டும். வெறும் வயிற்றோடு காத்திருப்பவர்களிடம் ரத்தம் எடுத்து, ஐஸ் வைத்த பெட்டியில் அடுக்கி, லேபில் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். அக்கா வண்டி ஓட்டினாள். சின்னவள் ரத்தம் எடுத்தாள். அவளுக்கு வழி தெரியும், இவளுக்கு நரம்பு தெரியும் என்று லேபில் சொல்வார்கள். பதினெட்டு வருடம் இப்படிப் போயிற்று. சின்னவள் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, இடது பக்கம் பார்த்து, ஒருக்களித்து உட்காருவாள். ஒரு கை பெட்டியின் மேல், ஒரு கை அக்காவின் இடுப்பில். கிளம்புமுன் அக்கா திரும்பிப் பார்க்காமல் "உக்காந்தாச்சா?" என்று கேட்பாள். சின்னவள் அவள் தோளில் ஒரு தட்டு தட்டுவாள். ஒரு தட்டு என்றால் போகலாம். இரண்டு தட்டு என்றால் நிறுத்து. அதற்குமேல் வண்டியில் அவர்கள் பேசிக்கொண்டதில்லை, காற்றில் கேட்காது.

எட்டாவது வீட்டுக்கும் ஒன்பதாவது வீட்டுக்கும் நடுவில் ஒரு கால்வாய், அதன்மேல் ஒரு சிறு பாலம். ஒருநாள் காலை அக்கா அங்கே வண்டியை நிறுத்தினாள். இறங்கிப் போய்ப் பாலத்தின் கட்டைச்சுவரில் உட்கார்ந்தாள். "மூச்சு வாங்குதுடி. அஞ்சு நிமிஷம்," என்றாள். சின்னவள் வண்டியை விட்டு இறங்கவில்லை. பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள். "லேட்டாகுதுக்கா, ஐஸ் உருகுது. வா," என்றாள். அக்கா வந்துவிட்டாள். ஐந்து நிமிடத்தில் ஒன்றரை நிமிடம்தான் ஆகியிருந்தது. அந்த வாரம் லேபில் ஊழியர்களுக்கெல்லாம் எடை பார்த்து எழுதினார்கள். அக்காவின் பெயருக்கு நேராக அறுபத்தாறு என்று இருந்தது.

பிறகு எட்டு மாதம் அந்த எடை குறைந்துகொண்டே வந்தது. சின்னவளின் வலது கை தினமும் வண்டி ஓடிய நேரமெல்லாம் அந்த இடுப்பைப் பிடித்திருந்தது. முன்பின் தெரியாதவர்களின் தோலுக்கடியில் நூல் போல ஓடுகிற நரம்பைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டுச் சொல்கிற கை அது. அந்தக் கைக்கு இது தெரியவில்லை. ஒன்பதாவது வீட்டில், ரத்தம் கொடுக்க உட்கார்ந்திருந்த ஒரு தையல்காரர்தான் அக்காவை ஏற இறங்கப் பார்த்து, "என்னம்மா, போன தடவை பார்த்ததுக்கு ரெண்டு அளவு குறைஞ்சிருக்கீங்க," என்றார். அன்று மாலை சின்னவள் அக்காவின் கையில் ஊசி ஏற்றினாள். அந்தக் குப்பியையும் மற்றவற்றோடு அடுக்கி, எண் ஒட்டி அனுப்பினாள். முடிவு வந்தது. கடைசி வாரத்தில் ஆஸ்பத்திரி எடைக்கருவி முப்பத்தொன்பது காட்டியது. அதற்கு முன்பே, நடக்க முடிந்த நாட்களில், அக்கா தன் வண்டியை விற்றுவிட்டாள். அக்கா சின்னவளைவிட ஒரு தலை உயரம், வண்டியும் அப்படித்தான். ஏன் விற்றாய் என்று கேட்டதற்கு, "உன் கால் எட்டாது. பொத்துனு விழுவ. நான் இருந்து தூக்கிவிடுவேனா?" என்றாள்.

லேப் மேலாளர் கெட்டவரல்ல. சின்னவள் நடந்தும் பஸ்ஸிலும் ஐந்து வீடுகளுக்குமேல் போக முடியவில்லை. அவர் இருபது நாள் பொறுத்தார், பிறகு கூப்பிட்டுச் சொன்னார். அவளாக வண்டி ஓட்டிக்கொண்டு வந்தால் அந்த ரவுண்டு அவளுக்குத்தான், இரண்டு மாதம் காத்திருப்பார், அதற்குமேல் வேறு ஆளுக்குக் கொடுத்துவிட வேண்டும். "உள்ள ஸ்டிக்கர் ஒட்டற வேலை இருக்கு. ஏசி ரூம்," என்றார். அந்த அறையில் ஜன்னல் கிடையாது. பதினெட்டு வருடம் அக்காவோடு போன தெருக்களில் வேறு யாரோ போவார்கள். அதனால்தான் சின்னவள் புதன்கிழமை காலை கடைக்கு வந்தாள்.

அவள் முதலில் ஏறிய வண்டி அக்காவுடையதைப் போலவே உயரமானது. பழக்கத்தில் அதைத்தான் காட்டினாள். கால் விரல் நுனி மட்டும் தரையைத் தொட்டது. கடைக்காரர் அவளை இறங்கச் சொல்லி, முதல் வண்டி வாங்குகிற எல்லோருக்கும் சொல்வதைச் சொன்னார். இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதிய வேண்டும். கீழே சாய்ந்தால் தனியாளாகத் தூக்கி நிறுத்த முடிய வேண்டும். எஞ்சின் சின்னதாக இருக்க வேண்டும். புதிது வேண்டாம், எப்படியும் நாலு தடவை கீழே போடத்தான் போகிறோம். கண்ணுக்குப் பிடித்த வண்டி வேறு, காலுக்குப் பிடித்த வண்டி வேறு. "கடைசியா ஒண்ணு. கத்துக்கிற ஆள் ஆறு மாசம் பின்னால யாரையும் ஏத்தக்கூடாது," என்றார். சொல்லிவிட்டு உயரமான வண்டியின் பின்சீட்டைப் பார்த்தார். அது இன்னும் இறங்கியே இருந்தது.

மூலையில் ஒரு குட்டை வண்டி நின்றது. பார்சல் கொண்டுபோகிறவர்கள் ஓட்டுவது. ஒரே ஒரு சீட்டு, பின்னால் சீட்டுக்குப் பதிலாக இரும்புக் கம்பித் தட்டு. சின்னவள் ஏறினாள். இரண்டு பாதமும் குதிகாலோடு பதிந்தன. கைப்பிடி தோசைத் திருப்பி மாதிரி லேசாகத் திரும்பியது. கம்பித் தட்டில் ரத்தப் பெட்டி கச்சிதமாக உட்காரும். அவளுக்காகவே யாரோ செய்து வைத்ததுபோல் இருந்தது என்று கடைக்காரர் பின்னாட்களில் சொல்வார். அவள் இறங்காமல் திரும்பி உயரமான வண்டியைப் பார்த்தாள். அதன் சீட்டு அப்படியே அமுங்கியிருந்தது, பஸ் வராத நிறுத்தத்தில் ஒருத்தி உட்கார்ந்திருப்பதுபோல. "அந்தக் கம்பில உக்கார முடியாதுல்ல?" என்று சின்னவள் கேட்டாள். "உயிரோட இருக்கறவங்களாலயே முடியாதும்மா," என்றார் அவர். பிறகு தான் சொன்னதை நினைத்துச் சங்கடப்பட்டு, டீ வேண்டுமா என்று கேட்டார்.

மூன்றாவது வண்டி நடுத்தரம். நூற்றுப் பதினெட்டு கிலோ, சாம்பல் நிறம், டேங்கில் ஒரு ஒடுக்கு, நீளமான சீட்டு. பாதத்தின் முன்பாதிதான் பதிந்தது. அவள் ஏறியதும் அந்தப் பக்கம் உயரமான வண்டியின் சீட்டு மேலே எழும்பியது, இந்தப் பக்கம் இவள் முதுகுக்குப் பின்னால் இறங்கியது. கடைக்காரர் பிடிவாதமாக மறுத்தார். இது அவளுக்குக் கனம், பின்னால் ஆளோடு கற்றுக்கொள்வது நாலு மடங்கு கஷ்டம், குட்டை வண்டியை எடுத்துக்கொண்டு ஆறு மாதம் தனியாகப் பழகட்டும், பிறகு மாற்றிக்கொள்ளலாம். "ஆறு மாசம் அவ எங்க நிப்பா?" என்றாள் சின்னவள். எவ்வளவு பாரம் என்றாவது தெரிந்துகொள்ளலாம் என்று, பக்கத்துப் பழைய பேப்பர் கடையின் எடைமேடையில் வண்டியை அவளோடு ஏற்றினார்கள். இருநூற்றுப் பத்து காட்டியது. வண்டியைக் கழித்து, சின்னவளின் ஐம்பத்து மூன்றைக் கழித்து, பேப்பர் கடைக்காரர் சுவரில் சாக்பீஸால் முப்பத்தொன்பது என்று எழுதினார். சின்னவள் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சாம்பல் வண்டியை எடுத்துக்கொள்வதாகச் சொன்னாள்.

மூடிக்கிடந்த ஒரு கிடங்கின் முற்றத்தில் வண்டி பழகினாள். கற்றுக்கொடுத்தவள் இருபத்து மூன்று வயதுப் பெண், பெண்களுக்கு மட்டும் கற்றுக்கொடுப்பவள், ஒரு நாளில் நூறு தடவை "கிளட்ச், கிளட்ச்" என்று கத்துவதால் குரல் எப்போதும் கட்டியிருக்கும். சின்னவளிடம் அவள் அதுவரை யாரிடமும் காணாத ஒரு தவறைக் கண்டாள். சின்னவள் நேராகப் பார்க்கவில்லை. பதினெட்டு வருடம் ஒருக்களித்து உட்கார்ந்து போனவள் அவள். சாலை என்ற ஒன்றை அவள் பார்த்ததே இல்லை, சுவர்களையும் கதவுகளையும்தான் பார்த்திருந்தாள். கைப்பிடியைப் பிடித்ததும் கழுத்து தானாக இடது பக்கம் திரும்பிக்கொண்டது. பார்க்கிற பக்கம்தான் வண்டி போகும். வண்டி கிடங்குச் சுவரைத் தேடிப் போயிற்று. "அக்கா, நேரா பாருங்க! அக்கா!" என்று அந்தப் பெண் கத்துவாள். சின்னவளை யாரும் அக்கா என்று கூப்பிட்டதில்லை. அவள் பின்னால் திரும்பிப் பார்ப்பாள். வண்டி விழும். முதல் வாரத்தில் ஆறு தடவை விழுந்தது. ஒவ்வொரு தடவையும் விழுவதற்கு ஒரு நொடி முன்பாகப் பின்சீட்டு எழும்பிவிடும். "உங்கக்கா உஷாருக்கா. உங்களை விட்டுட்டு அவங்க குதிச்சுடறாங்க," என்றாள் அந்தப் பெண். அக்கா போன முப்பத்தெட்டாம் நாளான அன்றைக்குத்தான் சின்னவள் முதல்முறை சிரித்தாள். சிரித்து முடிப்பதற்குள் அழுதுவிட்டாள். முழங்கையில் அடிபட்டிருந்ததால் யாரும் எதுவும் கேட்கவில்லை.

மூன்றாவது வாரம் ஒரு காலை, கிளம்புமுன், அவள் வாய் தானாக "உக்காந்தாச்சா?" என்று கேட்டது. தன் குரலில் அந்தக் கேள்வியை அவள் அதுவரை கேட்டதில்லை. இடது தோளில் ஒரு தட்டு விழுந்தது. அவள் கிளட்சை விட்டாள். வண்டி நேராகப் போயிற்று. அவளும் நேராகப் பார்த்தாள்.

லைசென்ஸ் பரிசோதகர் விதிப்படி நடப்பவர். எட்டுப் போடும்போது வண்டியில் ஒருவர்தான் இருக்க வேண்டும் என்று அச்சடித்த தாள் அவரிடம் இருந்தது. அவர் பின்சீட்டைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், "பின்னால இருக்கறவங்களை இறங்கச் சொல்லுங்க," என்றார். சின்னவள் "அக்கா, கொஞ்சம் இறங்கு," என்றாள். சீட்டு எழும்பியது. தனி வண்டி காற்றுப்போல் இருந்தது, அவளுக்கு அது பழக்கமில்லை. முதல் வளைவிலேயே காலை ஊன்றிவிட்டாள். அடுத்த வாரம் மறுபடி வந்தாள். இந்த முறை பரிசோதகர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, சீட்டைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்தார். அவள் இரண்டு எட்டு போட்டாள். மேலாளர் கொடுத்த கெடுவுக்கு நாலு நாள் மிச்சமிருந்தது.

ரவுண்டு அவளிடமே நின்றது. வழிதான் தெரியவில்லை. ஒவ்வொரு வீட்டின் கேட்டும் அவளுக்குத் தெரியும், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வண்டியில் எப்படிப் போவது என்று தெரியாது. இடது தோளில் தட்டினால் இடதுபுறம் திரும்பினாள், வலது தோளில் தட்டினால் வலதுபுறம். தட்டு கொஞ்சம் அழுத்தமாக விழுந்தால் தவறவிட்டுவிட்டாள் என்று பொருள். வீடுகளில் பெரியவங்க வரலையா என்று கேட்டார்கள். வண்டியில் இருக்கிறாள் என்றாள். இரண்டு முறை கேட்டவர்கள் யாருமில்லை. காற்றடிக்கிறவர் பின்டயருக்கு நாலு புள்ளி அதிகம் வைத்தார். போக்குவரத்துக் காவலர் ஒருவர் ஒருமுறை நிறுத்தி, பின்னால் இருப்பவர் ஏன் ஹெல்மெட் போடவில்லை என்று கேட்டார். மறுநாளே சின்னவள் இன்னொரு ஹெல்மெட்டை வாங்கிப் பின்சீட்டுப் பிடியில் மாட்டிக்கொண்டாள்.

மாதம் முதல் தேதி பேப்பர் கடை எடைமேடையில் வண்டியை ஏற்றுவது வழக்கமாயிற்று. சுவரில் முப்பத்தொன்பதுக்குக் கீழே நாற்பது வந்தது. பிறகு நாற்பத்திரண்டு. பிறகு நாற்பத்தைந்து. மழைக்காலத்தில் ஒருமாதம் அரைகிலோ குறைந்தது, சின்னவள் அந்த மாதம் முழுக்க ஒழுங்காகச் சாப்பிடவில்லை. அடுத்த மாதம் நாற்பத்தெட்டு வந்தது. பேப்பர் கடைக்காரர் அதிகம் பேசமாட்டார், நாற்பத்தெட்டுக்கு மட்டும் "தேவலாம்," என்றார். சின்னவள் யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் அக்கா தேறி வருகிறாள் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆஸ்பத்திரிக்கட்டிலில் நடந்திருக்க வேண்டியது பின்சீட்டில் நடந்துகொண்டிருந்தது. ஐம்பத்தைந்து ஆனபோது இடுப்பில் ஒரு கை உணர்ந்தாள். அறுபது ஆனபோது, மேட்டில் ஏறும்போது வண்டி பழைய நாட்களைப்போல முனகியது. தட்டுகள் குறைந்துகொண்டே வந்தன, அவளுக்கு வழி பழகிவிட்டது. அவள் அதைக் கவனிக்கவில்லை. எண்களைத்தான் கவனித்தாள். பதினெட்டு, இருபது வருடமாக வீடு வீடாகப் போகிற அவளுக்கு ஒன்று ஞாபகம் இருந்திருக்க வேண்டும். குணமானவர்களின் பெயர் மறுநாள் பட்டியலில் இருக்காது.

இரண்டு வருடமும் மூன்று மாதமும் ஆனபோது எடைமேடை இருநூற்று முப்பத்தேழு காட்டியது. பேப்பர் கடைக்காரர் அறுபத்தாறு என்று எழுதினார். அதற்குக் கீழே எழுதச் சுவரில் இடமில்லை. சின்னவள் அன்று இரண்டு பேருக்குச் சமைத்தாள்.

மறுநாள் காலை எட்டாவது வீட்டில் ரத்தம் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பாலத்தின்மேல் ஏறும்போது தோளில் இரண்டு தட்டு விழுந்தது. நிறுத்தினாள். பின்சீட்டு மெல்ல எழும்பியது. தூசி படிந்த கட்டைச்சுவரில், ஓர் ஆள் உட்காருகிற அகலத்துக்குத் தூசி அழிந்தது. சின்னவள் வண்டியில் உட்கார்ந்தபடி அதைப் பார்த்தாள். நாக்கு நுனிவரை ஒரு வார்த்தை வந்தது. அதை விழுங்கிக்கொண்டு ஸ்டாண்டைப் போட்டாள். ஹெல்மெட்டைக் கழற்றினாள். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஐந்து நிமிடம் ஆயிற்று. அரைமணி ஆயிற்று. கால்வாயில் ஒரு செருப்பு மிதந்து போயிற்று. போன் அடித்தது, எடுக்கவில்லை. பெட்டியில் ஐஸ் உருகித் தண்ணீராகி, தண்ணீர் வெதுவெதுப்பாகி, எட்டு வீட்டு ரத்தமும் கெட்டது. பதினொன்றரை மணிக்குப் பக்கத்து இடத்தில் காற்று தூசியைக் கொண்டுவந்து சேர்க்கத் தொடங்கியது. அங்கே தூசி மறுபடி படிவதை அவள் கடைசிவரை பார்த்தாள். பிறகு எழுந்தாள். வீட்டுக்குப் போகும் வழியில் வண்டி காற்றுப்போல் இருந்தது. அவள் காலை ஊன்றவில்லை.

மறுநாள் எல்லா வீடுகளுக்கும் மறுபடி போனாள். ஒன்பதாவது வீட்டுத் தையல்காரர் கோபத்தில் இருந்தார். "நேத்து பதினோரு மணி வரைக்கும் பட்டினியா உக்காந்திருந்தேன். அப்படி என்னம்மா தலைபோற வேலை?" என்றார். "அக்காவை இறக்கிவிட்டேன்," என்றாள். அவர் சட்டைக் கையை மேலே மடித்துக்கொண்டு கையை நீட்டினார்.

முதல் தேதி எடைமேடை நூற்று எழுபத்தொன்று காட்டியது. பேப்பர் கடைக்காரர் சாக்பீஸை எடுத்தார், சுவரைப் பார்த்தார், திரும்ப வைத்துவிட்டார். வண்டிக் கடைக்காரர், பழகியாயிற்றே, இப்போதாவது அந்தக் குட்டை வண்டிக்கு மாறிக்கொள்ளலாம் என்றார். அது இன்னும் விற்காமல் மூலையில்தான் நின்றது. சின்னவள் வேண்டாம் என்றாள். பின்சீட்டுப் பிடியிலிருந்த ஹெல்மெட்டையும் கழற்றவில்லை. பின்டயருக்குக் காற்றை மட்டும் நாலு புள்ளி குறைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு பதினோரு வருடம் அந்த ரவுண்டைப் பார்த்தாள், ஒரு குப்பியும் கெட்டதில்லை. ஒன்பதாவது வீட்டிலிருந்து கடைசி வீடுவரை எல்லோரும் ரத்தம் ஐந்து நிமிடம் தாமதமாகத்தான் எடுக்கப்படும் என்று பழகிக்கொண்டார்கள். தினமும் அவள் பாலத்தில் வண்டியை நிறுத்துவாள். கட்டைச்சுவரில் ஓர் ஆளுக்கு இடம் விட்டு உட்காருவாள். கடிகாரத்தில் ஐந்து நிமிடம் முழுதாக முடிந்ததும் எழுந்து வண்டியில் ஏறி, கிளட்சைப் பிடித்து, திரும்பிப் பார்க்காமல் கேட்பாள்.

"உக்காந்தாச்சாக்கா?"